லெவலுக்குப் பேசியது

அச்சடித்த தாளைப் புத்தகக்காரர் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காட்டினார். பக்கத்தின் மேல்பாதியில் மாடி ஜன்னல். ஜன்னலுக்குள் அவள் முகம். பத்தொன்பது வருஷமாகத் தொலைக்காட்சியில் ‘கீழ்வீடு’ தொடர் பார்க்கிற எவரும் அந்த ஜன்னலில் ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. குரல்தான் வரும். கீழே குடியிருக்கிறவன் அண்ணாந்து நின்று கெஞ்சுவான். மேலேயிருந்து வீட்டுக்காரம்மாளாக அவள் குரல் வந்து அவன் தலையில் விழும். ஸ்டுடியோவில் அவளுக்குப் பேரே ‘மாடி’.

“உங்க பக்கம்தான் புத்தகத்துக்கே உயிரு,” என்றார் புத்தகக்காரர். தொடரைப் பற்றி ஒரு புத்தகம் போடுவதற்காகத் தொலைக்காட்சிக்காரர்கள் அமர்த்தியிருந்த மனிதர். சில மாதங்களாக செட்டில் ஒருவர் விடாமல் பேட்டி எடுத்துக்கொண்டு, யாருக்கு டீ வந்தாலும் அதில் பாதியைக் குடித்துக்கொண்டு திரிந்தார். “படிங்க மாடி. நீங்க சிரிக்கலைன்னா நான் என் பேர மாத்திக்கறேன்.”

ஜன்னலுக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்தது:

“நான் எங்க நடிக்கறேன்? எங்க வீட்டுல என் நாத்தனார் இருக்காங்க. காலையில அவங்க வாயத் திறந்தா என் வாரம் ஓடிடும். இத்தனை வருஷமா அவங்க வாயாலதான் நாங்க சாப்பிடறோம். பாவம், அவங்களுக்கே தெரியாது. டிவி முன்னாடி உக்காந்து அவங்களப் பாத்து அவங்களே விழுந்து விழுந்து சிரிப்பாங்க. கேட்டா, மாடியில பேசறது அவங்க ஆஸ்பத்திரி மேட்ரன் பேச்சாம்!”

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை படித்தாள். ‘பாவம்’ என்ற சொல்லில் கண் போய் நின்றது.

“இத நான் எப்ப சொன்னேன்?”

“நீங்கதான் சொன்னீங்க. மிஷின்ல இருக்கு.”

“இது பேட்டி இல்லைங்க. லெவலுக்குப் பேசினது.”

“எதுக்கு?”

அவருக்கு அது தெரியாது. குரல் கொடுக்கிறவர்களுக்குத் தெரியும். ஒலிப்பதிவுக்கு முன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கையைத் தூக்கி, ‘ஏதாவது பேசுங்க’ என்பார். அவருக்கு வேண்டியது லெவல், அதாவது சத்தத்தின் அளவு. என்ன பேசினாலும் சரி. ஒருத்தி பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்டுவாள். ஒருவர் வாய்ப்பாடு சொல்வார். பிள்ளை போல அழுவதற்கென்றே வருகிற அம்மாள் ஒருத்தி தன் புருஷனின் வண்டவாளம் முழுவதையும் லெவலுக்குத்தான் சொன்னாள். யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டவர்களும் வெளியே வந்து கேட்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. லெவலுக்குப் பேசியது தூக்கத்தில் உளறிய மாதிரி.

புத்தகக்காரர் அன்றைக்குத் தன் சின்ன மிஷினை மேஜைமேல் வைத்து, ‘ஏதாவது பேசுங்க, வேலை செய்யுதான்னு பாக்கறேன்’ என்றுதான் சொன்னார். அவள் பேசினாள். ‘ஆரம்பிக்கலாமா?’ என்று அவர் கேட்ட பிறகு, தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தி, வாய்ப்புத் தந்த பெரியவர்களுக்கு நன்றி என்று தொடங்கி அரைமணி நேரம் ஒழுங்காகப் பேட்டி கொடுத்தாள்.

“அந்த அரைமணி நேரத்துல உப்பும் இல்ல, ஒறைப்பும் இல்ல,” என்றார் அவர். “இதுலதான் நீங்க இருக்கீங்க.”

“நான் எங்க இருக்கேன்? அவங்கதான் இருக்காங்க. எடுத்துடுங்க.”

“அச்சாகிட்டு இருக்கு மாடி. சனிக்கிழமை வெளியீடு.”

அவள் தாளை மடித்துக் கையில் இறுக்கிக்கொண்டு வசனகர்த்தாவைத் தேடிப் போனாள்.

அந்தத் தொடருக்கு வசனம் எழுதுகிறவர் கீழ்வீட்டுக்காரர்கள் பேசுவதை வரி வரியாக எழுதுவார். மேலே இருக்கிறவள் பேச வேண்டிய இடம் வந்ததும் ‘மாடி பேசும்’ என்று மட்டும் எழுதிவிட்டு இரண்டு விரல் அகலம் காலியாக விடுவார். முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான். அந்த வாரம் வீட்டுக்காரம்மாளாக நடிக்க வேண்டியவள் வரவில்லை. கூட்டத்தில் சத்தம் போடுவதற்கு வந்திருந்த இவளைப் பிடித்து, வர்ணம் அடித்த பலகைச் சுவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார வைத்து, ‘தண்ணி வரலைன்னு அவன் கேப்பான், எதையாவது சொல்லிச் சமாளி’ என்றார்கள். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அன்று காலை குளியலறையிலிருந்து வந்த தன் புருஷனைப் பார்த்து நாத்தனார் சொன்னதைச் சொன்னாள்: “குளிச்சியா, இல்ல தண்ணிக்கு உடம்பக் காட்டிட்டு வந்துட்டியா?” கேமரா பிடித்தவரே குலுங்கியதில் படம் ஆடிப்போனது. வர வேண்டியவள் மறுநாள் வந்தாள். அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாத்தனார் என்றால் புருஷனுக்கு மூத்தவர். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளைக் கூப்பிடுகிற ஜன்னலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருமலும் அழுகையும் நிறைந்த கூடத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல். இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியவர். மூத்த தம்பி இவள் புருஷன், லிப்ட் மெக்கானிக். அவர்கள் இருப்பது அவர் வீட்டில். இவள் ஸ்டுடியோவே கதியென்று கிடந்த வருஷங்களில் இவள் மகளுக்குத் தலை பின்னி, பாடம் சொல்லி, அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்துக் கிடந்தவரும் அவர்தான்.

இளைய தம்பி ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் சிரிக்கட்டும் என்று, அக்கா ஜன்னலில் பேர் கூப்பிடுகிற மாதிரி நடித்துக் காட்டினான். அவர் அங்கேயே இலேசாகச் சிரித்தார். அதோடு சரி. அவன் வீட்டு வாசலை அவர் மிதித்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அவன் பிள்ளை பெற்றதற்கும் போகவில்லை.

வசனகர்த்தா தாளைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார்.

“நல்லாத்தான இருக்கு?”

“அவங்க படிச்சா வீட்டுல நான் இருக்க முடியாது சார்.”

“சந்தோஷப்படுவாங்க மாடி. எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கெடைக்கும்?”

“நீங்க அவங்களப் பாத்ததில்ல.”

“பாத்ததில்லையா? வாரா வாரம் எடிட்டிங்ல கேக்கறேனே!” அவரே சிரித்துக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “அச்சகத்துக்குப் போய்ப் பாருங்க. நிறுத்த முடிஞ்சா நிறுத்தட்டும். நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

அச்சகத்தில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. போர்மேன் காதில் பஞ்சு வைத்திருந்தார். அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பஞ்சை எடுத்துவிட்டு, முதலில் அவள் முகத்தையும் பிறகு பக்கத்தில் அடுக்கியிருந்த தாள்களையும் பார்த்தார். இடுப்பு உயரத்துக்கு அடுக்கு. ஒவ்வொரு தாளிலும் ஜன்னல்.

“அட, மாடியம்மா! நீங்கதானா? பசங்களா, இங்க வாங்கடா, யாரு வந்திருக்காங்க பாருங்க!”

“இந்தப் பக்கத்த நிறுத்தணுங்க.”

“நிறுத்தறதா? அடிச்சு முடிஞ்சு, பாதி மடிக்கவும் போயிடுச்சே. என்னம்மா, எழுத்துப் பிழையா?”

“இல்ல.”

“பின்ன என்ன? நம்ம பசங்க படிச்சுட்டு ஒரே சிரிப்பு. ஒருத்தன் இத வெட்டி சாப்பாட்டு ரூம்ல ஒட்டியே வச்சுட்டான். ‘எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அதுக்கு யாரு சம்பளம் குடுக்கறா’ன்னு கேக்கறான்!”

அவளைச் சுற்றி நாலைந்து பேர் கையைத் துடைத்தபடி நின்று சிரித்தார்கள். தன் நாத்தனாரைத் தெரியாத மனிதர்கள். அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவளும் பல்லைக் காட்டினாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

கதவைத் திறந்தவர் நாத்தனார்தான்.

“வந்துட்டியா? நான் பயந்தே போயிட்டேன், எங்க சீக்கிரம் வந்து தொலைச்சிடுவியோன்னு.”

பழக்க தோஷத்தில் அவள் மனம் அதைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டது. வாசலில் ஒரு கதவு, வெளியே குடித்தனக்காரன், மேலேயிருந்து இந்த வரி. வைத்துக்கொண்ட உடனேயே கூசியது.

நாத்தனார் மூக்கில் புதுக் கண்ணாடி இருந்தது. “புத்தகம் வருதுல்ல, அதான் போட்டுக்கிட்டேன். எதிர்வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன், அவளுக்கும் ஒண்ணு வாங்கித் தர்றதா. மேட்ரனப் பத்தி ஏதாவது போட்டிருக்கானா? போடச் சொல்லு. செத்தவ செத்துட்டா, பேராவது இருக்கட்டும்.”

“சரிக்கா.”

“என்ன சரி? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஸ்டுடியோவுல எவனாவது செத்துட்டானா?”

“இல்லக்கா, தலைவலி.”

“வலிக்கட்டும். இருக்குன்னாவது தெரியுதே.”

மகள் உள்ளேயிருந்து களுக்கென்று சிரித்தாள். மாடியின் பேச்சு யாருடையது என்று அவளுக்கும் தெரியும். வீட்டில் நாத்தனார் ஒருவருக்குத்தான் தெரியாது.

புருஷன் வந்ததும் துணி காயப்போடுகிற பால்கனிக்கு அவனை இழுத்துக்கொண்டு போய்த் தாளைக் காட்டினாள். அவன் படித்துவிட்டு உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

“ஒரு வேலை பண்ணலாம். வீட்டுக்கு வர்ற காப்பியில அந்தப் பக்கத்தக் கிழிச்சிடலாம்.”

“எதிர்வீட்டுக் காப்பியில?”

“அதையும்.”

“தெரு முழுக்க ஏறிக் கிழிச்சிட்டு வருவீங்களா? நீங்க சொல்லிடுங்க. உங்க அக்கா.”

“பேசினது உன் வாய்.”

“வாயும் அவங்களுதுதான். அதான பிரச்சினையே.”

அவன் கீழே தெருவைப் பார்த்தான். “தம்பிக்கு நடந்தது உனக்குத் தெரியும்ல,” என்றான். லிப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களுக்குத் தைரியம் சொல்லிச் சொல்லியே இறக்குகிற மனிதன், வேட்டியின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றான்.

வெளியார் சொல்லித் தெரிவதைவிட நாமே சொல்லிவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைக் கழுவி வைத்த பிறகு, தாளைக் கொண்டுபோய் நாத்தனாரின் முன்னால் வைத்தாள்.

“அக்கா, என் பக்கம்.”

“வந்துடுச்சா!” நாத்தனார் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். அவருக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது. மருந்துச் சீட்டு, மின்சார ரசீது எதுவானாலும் வாய்விட்டுத்தான். “ஐயோ, ஜன்னல்ல பாரேன் இவள! மேக்கப்பு போட்டானா, வெள்ளையடிச்சானா?” என்றார். பிறகு படிக்கத் தொடங்கினார்.

“நான் எங்க நடிக்கறேன்? எங்க வீட்டுல என் நாத்தனார் இருக்காங்க. காலையில அவங்க வாயத் திறந்தா...”

கணீரென்ற அதே குரல். அதே இழுப்பு. வாரா வாரம் தொலைக்காட்சியில் வருகிற மாடியம்மா தன்னைப் பற்றித் தானே படிக்கிற மாதிரி இருந்தது. மகள் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

நாத்தனார் நிறுத்தினார். மகளைப் பார்த்தார். பிறகு மீதியைப் படித்தார். இந்தத் தடவை சத்தம் வரவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. எந்த வரியில் இருக்கிறார் என்று உதட்டைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. ‘பாவம்’ வந்தது. ‘அவங்களுக்கே தெரியாது’ வந்தது. மேட்ரன் வந்தாள்.

“மேட்ரன்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே,” என்றார்.

“அக்கா, நான் வேணும்னு...”

“உனக்குத் தெரியுமா?” என்று தம்பியைக் கேட்டார்.

அவன் கை மறுபடியும் வேட்டியின் நுனிக்குப் போனது.

“இவளுக்கும் தெரியுமா?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாத்தனார் தாளை வந்த மடிப்பிலேயே மடித்து, கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்து, எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் காலையில் அவள் திட்டு வாங்கத் தயாராக எழுந்தாள். திட்டு வரவில்லை. “டீ போடட்டுமாம்மா?” என்றார் நாத்தனார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை ‘அம்மா’ என்று அழைத்ததில்லை. புருஷன் ஈரத் தலையோடு கூடமெல்லாம் சொட்ட விட்டுக்கொண்டு போனான். “துவட்டிக்கப்பா,” என்றார். மகள் கதவை அறைந்து சாத்தினாள். அதற்கும் திட்டு இல்லை. கோபமாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பாத்திரம் உருளும். இது கோபம் மாதிரியும் இல்லை. வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துப் பார்த்து, இது கேட்கத் தகுமா என்று சோதித்து வெளியே விடுகிற மாதிரி இருந்தது. மகள் சமையலறையில் வந்து கிசுகிசுத்தாள்: “அம்மா, எனக்குப் பயமா இருக்கு. அத்தைய ஒரு தடவ என்னைத் திட்டச் சொல்லேன்.”

சனிக்கிழமை வெளியீட்டுக்கு நாத்தனார் வரவில்லை. “நீங்க போயிட்டு வாங்க” என்றார். அவள் மேடையில் ஏறி, கைதட்டு வாங்கி, கூட்டத்தில் யாரோ ‘நாத்தனார் வரலையா?’ என்று கத்தியதற்குச் சிரித்து, திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரி கையில் புத்தகத்தோடு வந்து கதவைத் தட்டினாள். நாத்தனார் போய்த் திறந்தார்; இவள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவும் பயமாக இருந்தது.

“என்னக்கா இது, மேட்ரன் மேட்ரன்னு எங்களை எல்லாம் ஏமாத்திட்டீங்க! நீங்கதானாமே?”

“ஆமா.”

“உங்களுக்கே தெரியாதுன்னு போட்டிருக்கு?”

“தெரியாம எப்படி? என்னைக் கேட்டுட்டுதான் எல்லாம் பண்ணினா. புத்தகத்துல ஒரு சுவாரசியத்துக்கு அப்படிப் போட்டிருப்பான்.” கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் சாத்தினார்.

திரும்பி வந்தவர் அவளைப் பார்க்காமல் கடந்து போனார். இளைய தம்பியைப் போலத் தன்னையும் விலக்கியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது அவர் இவளுக்காகப் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யோடு தன் வீட்டுக்குள்ளேயே வாயை மூடிக்கொண்டு நடமாடுகிறார்.

திங்கட்கிழமை படப்பிடிப்பு. அவள் பலகைச் சுவருக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் காகிதம். குடித்தனக்காரன் வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு, ராத்திரி நேரம் கழித்து வந்து, சாவி இல்லாமல் வெளியே மாட்டிக்கொள்கிறான். ‘அம்மா, கதவத் திறங்க’ என்கிறான். மாடி பேசும். இரண்டு விரல் இடம்.

ஒலிப்பதிவு செய்கிறவர் கையைத் தூக்கினார். “லெவல் பாத்துக்கறேன் மாடி. ஏதாவது பேசுங்க.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்றாள் அவள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே நடிகர் கெஞ்சினார். “அம்மா! கதவத் திறங்கம்மா!”

அவளிடம் ஒரு வரி இருந்தது. நான் பயந்தே போயிட்டேன், எங்க சீக்கிரம் வந்து தொலைச்சிடுவியோன்னு. அந்த இடத்துக்கு அச்சாகப் பொருந்துகிற வரி. வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. எடுத்தால் இதற்குமேல் திருட்டுத்தான். தெரிந்து செய்கிற திருட்டு.

நடிகர் காத்திருந்தார். அனுபவஸ்தர், அண்ணாந்த முகத்தை இறக்கவில்லை. “அம்மா?” என்றார். கழுத்தைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்து வாசலிலேயே படுத்துக்கொண்டார். ‘கட்’ என்றார்கள்.

வசனகர்த்தா சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தார். “அமைதி நல்லா இருக்கு. வச்சுக்கறேன். ஆனா அடுத்த வாரமும் அமைதின்னா மாடியில ஆள் இல்லைன்னு அர்த்தம். புதுசா யாரையாவது குடி வைக்கணும்.” அவர் மிரட்டவில்லை. விசாரிக்கிற குரலில்தான் சொன்னார்.

“வைங்க சார்,” என்றாள் அவள்.

அந்த வாரம் ‘கீழ்வீடு’ ஓடிய மாலையில் யாரும் தொலைக்காட்சியைப் போடவில்லை. நேரம் தாண்டியதும் நாத்தனாரே வந்து போட்டுவிட்டு, எப்போதும் உட்காருகிற நாற்காலியை விட்டு, கதவோரமாக உட்கார்ந்தார். புருஷன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தான். மகள் நகத்தைக் கடித்தாள்.

குடித்தனக்காரன் கதவைத் தட்டினான். கெஞ்சினான். அண்ணாந்து நின்றான். மேலே ஜன்னல் இருட்டாக இருந்தது. அறைக்குள் மற்ற மூன்று பேரும் அந்த ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் மட்டும் ஒருக்களித்து நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரின் தாடை அசைந்தது.

அவன் செருப்பைக் கழற்றிப் படுத்தான். விளம்பரம் வந்தது.

“ஏன் பேசலை?” என்றார் நாத்தனார், திரையைப் பார்த்தபடியே.

“பேச எதுவும் இல்லக்கா.”

“பத்தொன்பது வருஷம் பேசினவளுக்கு எதுவும் இல்லையா?”

“என்னுதுன்னு எதுவும் இல்ல.”

புருஷன் செய்தித்தாளைத் திருப்பப் போய் நிறுத்திக்கொண்டான்.

“அடுத்த வாரம்?”

“நான் பேசலைன்னா வேற ஆளு வைப்பாங்க. வைங்கன்னு நானே சொல்லிட்டேன்.”

விளம்பரம் முடிந்து தொடர் திரும்ப வந்தது. விடிந்துவிட்டது, குடித்தனக்காரன் வாசலில் தூங்குகிறான், பால்காரன் அவனைத் தாண்டிக் கால் வைக்கிறான்.

“பூட்டு வாங்கத் தெரிஞ்சவனுக்குச் சாவி வாங்கத் தெரியலை பாரு,” என்றார் நாத்தனார் திடீரென்று. “படுக்கறதுதான் படுத்த, கொஞ்சம் தள்ளிப் படு. வாசல்ல விளக்கு எரியுது, மாசக் கடைசியில பில்ல உன் தலையிலதான் கட்டுவேன்.”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். முகம் சிவந்தது. மகள் சிரிப்பை அடக்க இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிக்கொண்டாள்.

அவள் நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். வாழ்க்கையில் அவள் எந்த வரியையும் கேட்டு எடுத்ததில்லை. எடுத்த பிறகு கேட்டதும் இல்லை.

“அக்கா,” என்றாள். “இத நான் எடுத்துக்கட்டுமா?”

நாத்தனார் எழுந்து ஜன்னலோரம் போய், சரியாகத் தொங்குகிற திரைச்சீலையைச் சரி செய்தார்.

“வேணாம்.”

“சரிக்கா.”

“அது வேணாம். அது அவ்வளவு நல்லா இல்ல.” முதுகைக் காட்டியபடியே நின்றார். “வேற தர்றேன். எது தர்றதுன்னு நான்தான் சொல்லுவேன். நீயா எதையும் தூக்கக் கூடாது.”

“இல்லக்கா.”

“இவன் காதுலயும் போட்டு வை. புத்தகக்காரன் காதுலயும் போடு.”

“போடறேன்க்கா.”

“எப்ப ரெகார்டிங்கு?”

“திங்கக்கிழமை.”

“பாக்கலாம்,” என்றார் நாத்தனார். சம்மதமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சொல்லை மாடிக்காக அவள் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. விளக்கைப் போட எழுந்தாள்.